‘அப்புறம்’ என்று பெயரெடுத்த என் மச்சினன்

என் மனைவியின் தம்பி ஒரு மரக்கடைக்காரருக்கு மூன்று லட்சம் கொடுக்க வேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கிய கடன் அல்ல, ஒரு வேலைக்காக வாங்கிய முன்பணம். ஆனால் கொடுத்தவர் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முன்பணமும் கடன்தான். அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான்.

நம் வணிகர் சங்க மலருக்காக, பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் என்னைப் பற்றியே எழுதிவிடுவேன் என்று செயலாளர் பயந்ததாகக் கேள்வி. நியாயமான பயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து, இன்று மூன்று பைப்புக் கடைக்கும் ஒரு கிடங்குக்கும் சொந்தக்காரனாக நிற்கிறேன். எழுத உட்கார்ந்தால் மலர் முழுவதும் எனக்கே பத்தாது. ஆனால் அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நானே போதுமான தடவை சொல்லியிருக்கிறேன். ஆகவே மச்சினனைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமானபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். குளித்தாயா என்றால் அப்புறம். பாடம் எழுதினாயா என்றால் அப்புறம். சட்டைப் பொத்தான் மாறிப் போயிருக்கிறதே என்றால் குனிந்து பார்த்துவிட்டு அதற்கும் அப்புறம். என் மனைவி அவனை அந்தப் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்தாள். அவனும் கோபப்படாமல் திரும்பிப் பார்த்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

வளர்ந்து கணினிக்கு நிரல் எழுதுகிற வேலைக்குப் போனான். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். ஏழு வருஷம் இருந்துவிட்டு ஒரு நாள் ராஜினாமா செய்துவிட்டு என் கடைக்கு வந்து, ரப்பர் குழாய்ச் சுருள் மேல் உட்கார்ந்துகொண்டான்.

“ஏன்டா, அடிச்சாங்களா?”

“இல்ல மாமா. அங்க எழுதுற லாங்குவேஜ் எனக்கு ஒத்து வரல.”

“லாங்குவேஜ் ஒத்து வரலன்னு எவனாவது சோத்தை விடுவானா?”

அவன் எழுந்து என் அலமாரியைக் காட்டினான். “இங்க அரை இஞ்சு எல்போ வளைவுக்கு ஒரு பெட்டி, முக்கால் இஞ்சுக்கு ஒரு பெட்டி வச்சிருக்கீங்க இல்ல? கம்பெனி லாங்குவேஜ் இப்படித்தான். எந்தப் பெட்டியில என்ன வரும்னு முதல்லயே சீட்டு எழுதி ஒட்டணும். மாத்திப் போட்டா கடையையே திறக்க விடாது.”

“அதானே முறை?”

“நான் எழுதுறதுல சீட்டே கிடையாது. எதை வேணும்னாலும் எதுலயும் போடலாம். எடுக்குறப்போ அது என்னன்னு பாத்துக்கும்.”

“ஆக, அதுவும் அப்புறம்தானா?”

சிரித்துவிட்டான். “அதுக்குப் பேரு டைனமிக் லாங்குவேஜ் மாமா.”

“உனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு” என்றேன். எனக்குப் புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முதல் கடை போட்டபோது பெட்டி ஏது, அலமாரி ஏது? இரண்டு சாக்கு. எல்லாம் அதற்குள்தான். கையை விட்டால் வேண்டியது வரும். அந்தச் சாக்கில்தான் இவ்வளவும் சம்பாதித்தேன்.

பேச்சோடு நிற்கவில்லை. என் கடைக்கு ரசீது போடுகிற நிரல் ஒன்றை அவன் மொழியில் எழுதிக் கொடுத்தான். மற்றவர்கள் ஆறு மாதம் கேட்ட வேலை அது. இவன் எப்போது முடித்தான் என்று கவனிப்பதற்குள் ரசீது வந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் கணினியை நிறுத்த மாட்டான். ஆள் கல்லாவில் நிற்கும், ரசீது ஓடிக்கொண்டிருக்கும், இவன் ஓரமாக உட்கார்ந்து அதன் குடலைத் திருத்திவிட்டு எழுந்து போவான். ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் மாற்றுவதைப் போல.

இதைப் பார்த்துத்தான் மரக்கடைக்காரர் மயங்கினார். அவர் தொழிலின் தலைவலி உங்களுக்குத் தெரியும். ஒரே மரம் கன அளவில் போகும், அடிக்கணக்கில் போகும், துண்டாகப் போகும், கழிவானால் எடைக்குப் போகும். வாங்க வருகிறவர் வாயைத் திறக்கிற வரைக்கும் அது எந்தக் கணக்கு என்று மரத்துக்கே தெரியாது. ஏற்கெனவே இரண்டு பேர் நிரல் எழுதப் பார்த்துவிட்டு ஓடியிருந்தார்கள். சீட்டு ஒட்டின பெட்டிக்குள் அவர் மரம் அடங்கவில்லை. மச்சினன் ஒரு நாள் முழுக்க அவருடைய மர டிப்போவில் நின்று பார்த்துவிட்டு, “இது எனக்குன்னே வச்ச வேலை” என்றான்.

அவருக்கு இருந்த மூன்று டிப்போவுக்கும் சேர்த்துப் பேசி மூன்று லட்சம் முன்பணம். வேலை பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தர வேண்டும் என்று பேச்சு.

“ஜாமீனுக்கு யாரு?” என்றார் மரக்கடைக்காரர்.

“நான் நிக்கிறேன்ல, அது போதாதா?” என்று கையெழுத்துப் போட்டேன். சந்தையில் என் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பு வங்கி முத்திரைக்குக்கூடக் கிடையாது.

பாதி வேலை நன்றாகவே நடந்தது. முதல் டிப்போவில் ரசீது வர ஆரம்பித்தது. அப்போதுதான் மரக்கடைக்காரரின் மருமகன் விடுமுறைக்கு வந்து சேர்ந்தார். பெரிய மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. டிப்போவுக்கு வந்தார், திரையைப் பார்த்தார், எதில் எழுதியது என்று கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் மரக்கடைக்காரர் என் கடையில் வந்து நின்றார்.

“பைப்புக்கடைக்காரரே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எங்க மாப்ள சொல்றாரு, இது விளையாட்டு பாஷையாம். எந்தப் பெரிய கம்பெனியும் இதைத் தொடுறதில்லையாம். நாளைக்கு உங்க மச்சினருக்கு ஒரு ஜுரம் வந்தா என் மூணு டிப்போவும் படுத்துக்கும். பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“வேலை ஓடுதே அண்ணே?”

“ஓடுது. எவ்வளவு தூரம் ஓடும்னுதான் கேக்குறாரு.”

நான்கு மாதத் தவணை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரிலேயே அதிகம் படித்த மனிதர் ஒன்றைச் சொன்னால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் பணம் எங்கே இருந்தது? பாதி டிப்போக்களில் கணினியாக உட்கார்ந்திருந்தது. மீதி மச்சினன் வீட்டு வாடகையாகவும், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சாப்பாடாகவும் கரைந்திருந்தது.

என்னால் கொடுத்திருக்க முடியும். மூன்று லட்சம் எனக்கு ஒரு லோடு குழாய். ஆனால் இலவசமாகக் கிடைத்தது எவனுக்கும் ஒட்டாது என்பது என் கொள்கை. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“தவணைக்குள்ள நீ கட்டலைன்னா நான் கட்டுவேன். என் வாக்கு தவறாது. அதுக்கப்புறம் நீ என் ரெண்டாவது கடை கல்லாவுல உக்காரணும். கடன் தீர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது.”

என் மனைவிதான் பேசினாள். “அவனை உங்க கல்லாவுல கட்டிப் போட்டா, அவன் பைப்பை எண்ணி எண்ணியே செத்துருவான். வேணாங்க.”

“நான் எண்ணலையா? நல்லாத்தானே இருக்கேன்?”

“நீங்க வேற, அவன் வேற” என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவன் வேலை தேடப் போனான். போன இடமெல்லாம் ஒரே பாட்டு. திறமை இருக்கிறது, ஆனால் அந்த மொழிக்கு இங்கே வேலை இல்லை, பழைய மொழிக்குத் திரும்பி வந்தால் கீழ்ப்பதவியில் பார்க்கலாம். கைபேசிக்குப் பணம் கட்டாமல் இணைப்பு போனது. மின்சாரமும் இணையமும் மிச்சம் என்று பகலெல்லாம் என் கடை மாடியில், பழைய குழாய் அடுக்கிய அறையில் வந்து உட்கார்ந்துகொண்டான். அங்கே என்ன செய்கிறான் என்று ஒரு நாள் ஏறிப் பார்த்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள். ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தமான ஏதோ எஞ்சின். இதுவும் நிரல்தான், மற்ற நிரல்களை ஓட்டுகிற நிரல் என்றான். உலகம் பூராவும் கோடிக்கணக்கான கணினியில் இருக்கிறதாம். அதன் மேல் சீட்டு ஒட்டின மொழிதான் ஓடும். இவனுடைய சீட்டில்லாத மொழியை அதன் மேல் ஓட வைக்க இவன் ஒரு பாலம் கட்டுகிறானாம்.

“இதுக்கு யாரு காசு குடுக்குறா?”

“யாரும் இல்ல மாமா. இணையத்துல போட்டிருக்கேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

“யார் வேணும்னாலும்?”

“ஆமா.”

“நான் இப்போ கீழ போயி கடையைத் திறந்து போட்டுட்டு, யார் வேணும்னாலும் பைப்பை எடுத்துக்கோன்னு போர்டு வைக்கட்டா?”

“பைப்பை எடுத்தா குறையும் மாமா. இது குறையாது. எடுக்குறவன் நாலு தப்பைக் கண்டுபிடிச்சு அனுப்புறான். எனக்கு லாபம்தான்.”

“லாபத்தைக் கொஞ்சம் காட்டு, பாப்போம்.”

நெற்றியைத் தடவிக்கொண்டான். காட்ட ஒன்றும் இல்லை. தவணைக்கு ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. என் மனைவி அவன் வருகிற நேரத்துக்குச் சமையலறையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

ஒரு நாள் மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. லாரியில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல், இன்ன கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று ஆரம்பித்தது. அந்த மாதம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக் கம்பெனிக்காரர்கள் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஸ்டாக் இருக்கு, வேணாம்” என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது.

“சார், தயவுசெஞ்சு வைக்காதீங்க. நாங்க எதையும் விக்க வரல. எங்களுக்குத்தான் வேணும்.”

“அப்படிச் சொல்லுங்க. என்ன சைஸ்?”

“சைஸ் இல்ல சார். ஒரு ஆள்.”

என் மச்சினனின் முழுப் பெயரைச் சொன்னாள். இணையத்தில் அவன் பாலத்துக்குக் கீழே, தொடர்புக்கு என்று என் கடை எண்ணைப் போட்டு வைத்திருக்கிறான். அவன் கைபேசிதான் செத்துப் போயிருந்ததே.

“மூணு வாரமா மெயில் அனுப்புறோம், பதிலே இல்ல. வேற கம்பெனியில சேர்ந்துட்டாரா?”

எத்தனை வருஷ வியாபாரம் என் நாக்கில் இருக்கிறது! “சேரல. ஆனா நாலு பெரிய இடத்துல கூப்பிடுறாங்க. யோசிச்சுட்டு இருக்கான்” என்றேன்.

“நாங்க நேர்ல வந்தே பேசுறோம் சார்” என்றாள். அந்த எஞ்சினுக்குச் சொந்தக்கார கம்பெனியே அதுதான்.

மாடிப்படியின் கீழே நின்று நான் போட்ட கூச்சலில் லாரிக்காரர் ஒரு குழாய்க் கட்டைக் கீழே போட்டுவிட்டார். மச்சினன் இறங்கி வந்தான்.

“டேய், மூணு வாரமா மெயில் வருதாமே?”

“எந்த மெயில்?” என்றான். பிறகு முகம் வெளுத்தது. “அது விளம்பரம்னு நினைச்சேன் மாமா. அப்புறம் திறந்து பாக்கலாம்னு...”

முடிக்கவில்லை. நானும் அடிக்கவில்லை. இன்றுவரை என் பொறுமையை நினைத்து நானே வியக்கிறேன்.

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு அம்மா. நரைத்த தலை, துணிச் செருப்பு, தோளில் ஒரு பை. மச்சினன் இதற்காக வாங்கி வந்த புது நாற்காலியில் உட்காரவில்லை. “எங்க ஆபீஸ்ல எல்லாரும் மாதிரிக்கு ஒண்ணைத்தான் ஓட்டிக் காட்டுவாங்க. இது நிஜமா ஒரு கடையில ஓடுறதை நான் பாக்கணும்” என்று கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றார்.

என் கடை ரசீது நிரல் அதற்குள் அந்தப் பாலத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஆள் சும்மா இருந்தானா? அந்த அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அன்று காலை புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தான். ரசீது போட்ட பிறகு வாடிக்கையாளர் இன்னும் கொஞ்சம் கேட்டால், பழைய எண்ணிக்கையோடு சேர்த்துக்கொள்ள ஒரு கட்டம். சரியாக வருகிறதா என்று பார்த்தாயா என்று நான் கேட்டதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து பத்து எல்போ கேட்டார். பத்து விழுந்தது. “இன்னும் அஞ்சு சேத்துக்கோங்க” என்றார். மச்சினன் புதுக் கட்டத்தில் ஐந்தைத் தட்டினான். ரசீது வந்தது. நூற்றைந்து எல்போ.

வேலைக்காரர் ரசீதைத் தூக்கிப் பார்த்தார். “ஏன் முதலாளி, நான் குளியலறை கட்டுறேன். நீங்க எனக்குக் கப்பல் கட்டக் கணக்குப் போட்டிருக்கீங்க.”

போச்சு என்று நினைத்தேன். மூன்று லட்சமும் போச்சு, மச்சினனும் என் கல்லாவுக்கு வந்தாச்சு. அவன் காதெல்லாம் சிவந்து நின்றான்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “ரெண்டையும் எழுத்துன்னு நினைச்சு, பத்துக்குப் பக்கத்துல அஞ்சை ஒட்டிடுச்சா?”

“ஆமாங்க மேடம்” என்றான். “பத்தும் அஞ்சும் எண்ணுன்னு அதுக்கு நான் சொல்லல. காலையிலதான் இந்தக் கட்டத்தை வச்சேன். உங்களுக்காக. பரிசோதிக்கல.”

“சரி, இப்போ என்ன பண்ணுவீங்க?”

அவன் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். பக்கத்துக் கல்லாவில் ரசீது வந்துகொண்டேயிருந்தது. ஒருவர் வால்வு வாங்கிப் போனார், இன்னொருவர் சல்லடை வாங்கிப் போனார். குழாய் வேலைக்காரர் கையில் இருந்த டீ ஆறுவதற்குள் பதினைந்து எல்போவுக்குச் சரியான ரசீது வந்துவிட்டது. யாரும் எதையும் நிறுத்தவில்லை.

“கடையை நிறுத்தவே இல்லையே!” என்றார் அந்த அம்மா.

“எங்க கடை நின்னதே கிடையாதும்மா” என்றேன் நான், சும்மா இருக்கப் பிடிக்காமல்.

அவர் சிரித்துக்கொண்டே புது நாற்காலியில் உட்கார்ந்தார். “இதே தப்பை நான் ஒரு தடவை சம்பளக் கணக்குல பண்ணியிருக்கேன். ஒரே மாசத்துல எங்க காவலாளி முதற்கொண்டு எல்லாரும் கோடீஸ்வரனாயிட்டாங்க.” மச்சினன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

நான் வியாபாரி. கேட்க வேண்டியதைக் கேட்டேன். “இவ்வளவு நாளா இந்த பாஷையை விளையாட்டுன்னு ஒதுக்குனீங்களே அம்மா, இப்போ எதுக்குத் தேடி வர்றீங்க?”

“முன்னாடி கம்ப்யூட்டர் விலை ஜாஸ்தி, எழுதுற ஆளோட நேரம் மலிவு. இப்போ ரெண்டும் தலைகீழாயிடுச்சு. கொஞ்சம் மெதுவா ஓடினாலும் பரவாயில்ல, சீக்கிரம் எழுதி முடிக்கணும்னு நிறைய பேர் இந்த மாதிரி லாங்குவேஜுக்குப் போயிட்டாங்க. எங்க எஞ்சினை விட்டே போறாங்க. அவங்க பாஷை எங்க எஞ்சின் மேலயே ஓடினா போக மாட்டாங்க இல்ல? அதுக்குத்தான் உங்க மச்சினர் பாலம் போட்டிருக்கார். எங்களோட போட்டியா இருக்குற கம்பெனிகளும் இப்படிப்பட்ட ஆளுங்களைத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

இதற்குப் படிப்பு எதற்கு? எதிர்ச் சாரியில் ஒரு சின்னக் கடைக்காரன் கூட்டத்தை இழுத்தால், அவன் சரக்குக்கு நம் கடையில் ஒரு அலமாரி ஒதுக்கிவிட வேண்டும். நான் இதை எப்போதோ செய்துவிட்டேன். பெரிய கம்பெனிகளுக்கு இப்போதுதான் தோன்றியிருக்கிறது.

ஆனால் அந்த அம்மா எதுவும் முடிவாகச் சொல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த நாள்களைப் பற்றி எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. பதில் இல்லை. மச்சினன் ஒரு மணிக்கு ஒரு தடவை மெயிலைத் திறந்து பார்த்தான். நான் இரண்டாவது கடைக் கல்லாவுக்கு நாற்காலி துடைக்கச் சொல்லிவிட்டேன். மரக்கடைக்காரர் வழியில் பார்த்தால் கும்பிடு போட்டார், பேசவில்லை. என் கையெழுத்து அவர் பெட்டியில் தூங்குகிறது என்ற நினைப்பு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

தவணை முடிகிற வாரத்தில் பதில் வந்தது. அவன் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னான்.

“மாமா, எடுத்துக்கிட்டாங்க.”

“எதை?”

“என்னை. அதே பாலத்தைத்தான் கட்டணுமாம். மாசச் சம்பளம். சேரும்போது ஒரு தொகை தனியா. மரக்கடைக் கடன் அதுலயே அடைஞ்சுடும்.”

“பாலம் அவங்களுக்கா?”

“இல்ல மாமா. இணையத்துல இலவசமாவே இருக்கும். அதுக்கு ஒத்துக்கிட்டாங்க.”

சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை இன்னும் சும்மா கொடுக்க ஒருவன் சம்பளம் தருகிறான். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஆனால் பணம் வங்கியில் விழுந்ததை நானே பார்த்தேன், அதனால் நம்பினேன். என் மனைவி செய்தியைக் கேட்டாள். உள்ளே போய்ப் படுத்தாள். பட்டப்பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். மாலையில் எழுந்து வந்து, “டேய் அப்புறம், சாப்பிட்டியாடா?” என்று தம்பியைக் கேட்டாள். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் நாங்கள் இருவரும் டிப்போவுக்குப் போனோம். காசோலையில் மரக்கடைக்காரருக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே ரொக்கம், காகிதப் பையில். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் அதை நிறுத்தச் சொன்னார்.

“வாங்க வாங்க. நானே வரணும்னு இருந்தேன். எங்க மாப்ள நேத்து பேசினாரு.”

“என்னவாம்?” என்றேன்.

“அவங்க கம்பெனியிலயும் இந்த பாஷையைக் கத்துக்கச் சொல்லி ஆர்டர் போட்டிருக்காங்களாம். இப்போ இதுதான் எங்க பாத்தாலும்கிறாரு. தம்பி, பணத்தை விடுங்க. வேலையை முடிச்சுக் குடுங்க.”

மச்சினன் பையைத் திறந்து முதல் நோட்டுக் கட்டை எடுத்தான். மரக்கடைக்காரர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

“அட, வேணாங்கிறேன். முன்பணமா உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“இல்லைங்க. முதல்ல இதை வாங்கிக்கோங்க. வேலை வேணும்னா ஞாயித்துக்கிழமையில வந்து புதுசா பேசுறேன்.”

“அதே பணம்தானே தம்பி, இந்தக் கையில குடுத்து அந்தக் கையில வாங்குறதுக்கு?”

“இது தீர்ற வரைக்கும் எனக்குக் கனவுல உங்க மரம் மட்டும்தான் வருது. ராத்திரி புரண்டா பலகை இடிக்குது.”

அவர் என்னைப் பார்த்தார். “நீங்களாவது சொல்லுங்க பைப்புக்கடைக்காரரே.”

“அண்ணே, உங்க பெட்டிக்குள்ள என் கையெழுத்து இருக்கு. அது வெளிய வரணும். கையை நீட்டுங்க.”

அவர் அக்குளிலிருந்து வலது கையை எடுத்து, வேட்டியில் துடைத்து, விரித்தார். ரேகைகளில் மரத்தூள் அப்பியிருந்தது. மச்சினன் கட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்து, அவர் அதைப் பெட்டியில் போடப் போட அடுத்ததை வைத்தான். கடைசிக் கட்டை மட்டும் பிரித்து, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தான்.